தெருவுக்கு வாராத தன்னாட்சி

(வடசென்னையில் நடைபெற்ற திங்கட்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் மொழியுரிமையைப் பற்றியோ மாநில உரிமையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அவற்றைப் பற்றி நாம் பேசாத திங்களில்லை, இனியும் பேசுவோம். ஆயினும் இன்று நான் பேச வந்தது, அவற்றினும் சிறியதாகத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றி. நாம் உட்கார்ந்திருக்கும் இத் தெரு, இத் தெருவை உள்ளடக்கிய இவ் வட்டம், இவ் வட்டத்தின் பேராளராக மாநகராட்சி மன்றத்தில் அமர்கின்ற ஓர் உறுப்பினர், அவரை அங்கு அனுப்புகின்ற நாம் ஆகிய இவற்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

"குப்பைக்கும் கொசுவுக்கும் சாக்கடைக்கும் உரிய செய்திகளை உரிமை பேசும் மேடையிலா பேசுவது?" என்று உங்களில் சிலர் எண்ணலாம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தலில் நான் வாக்களிக்கச் செல்லவில்லை. சட்டமன்றத் தேர்தலா, பாராளுமன்றத் தேர்தலா, வட்டத் தேர்தல்தானே என்று வீட்டில் இருந்துவிட்டேன். மாலையில் எங்கள் தெருவில் இட்டலிக் கடை வைத்திருந்த ஓர் அம்மையார், விரலில் மையோடு வந்து, "ஐயா, மேடையிலே உரிமை உரிமை என்று பேசுகிறீர்களே, கையிலே இருக்கிற உரிமையை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று நான் பேசுவதெல்லாம் அந்த அம்மையார்க்கு நான் காலந்தாழ்த்துச் சொல்லும் விடை என்றே கொள்ளுங்கள்.

வட்டமும் உறுப்பினரும்

முதலில் அளவைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் 200 வட்டங்கள் உள்ளன. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வாக்காளர் ஏறத்தாழ 61 இலக்கம் பேர். கணக்கிட்டால், வட்டம் ஒன்றுக்கு முப்பதாயிரம் வாக்காளர். ஒரு சட்டமன்ற உறுப்பினரோ இரண்டு, மூன்று இலக்கம் பேர்க்கு ஒருவர். பாராளுமன்ற உறுப்பினரோ பத்துப் பன்னிரண்டு இலக்கம் பேர்க்கும் மேலாக ஒருவர். இம் மூவருள் நீங்கள் நடந்து சென்று கதவைத் தட்டக்கூடிய தொலைவில் வாழ்பவர் யார்? வட்டத்தின் உறுப்பினர் ஒருவரே. நம் வாக்கு மிகுந்த எடையோடு விழுமிடமும் இதுவே. ஆயினும் அந்த எடையை நாம் உணர்ந்திருக்கிறோமா?

'கவுன்சிலர்' என்றே பலரும் சொல்லிப் பழகிவிட்டனர். மன்ற உறுப்பினர் என்னும் நம் சொல்லையே எண்ணிப் பாருங்கள். உறுப்பு என்பது உடலின் ஒரு பகுதி. காலில் முள் தைத்தால் கண் கலங்குகிறது. கை ஓடி வருகிறது. உறுப்பென்றால் அதற்கு உணர்வு வேண்டும். வட்டத்தின் வலியை மன்றத்திற்கு உணர்த்துகின்றவரே உறுப்பினர். உணர்த்தாதவர் மன்றத்தில் அமர்ந்திருப்பினும் உறுப்பினர் ஆகார். வட்டத்திற்கு உறுப்பினரே இல்லாமற் செய்துவிட்டால், அந்த உடல் வலியையே அறியாத மரத்த உடலாகும். இந் நகரம் அப்படி மரத்துக் கிடந்த காலம் சிறிதன்று. அதற்கு வருமுன், பழைய வரலாற்றைச் சற்றே பார்த்துவிடுவோம்.

குடவோலையின் பெருமையும் குறையும்

உள்ளாட்சி என்றவுடன் நாம் குடவோலை முறையைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். பெருமை கொள்ளத் தக்கதே. அகநானூற்றின் 77-ஆம் பாடலில், மருதன் இளநாகனார் ஓர் உவமையாகவே அதனைச் சொல்லிச் செல்கிறார். குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் வழக்கம், உவமையாக எடுத்தாளும் அளவிற்கு அன்றே மக்கள் அறிந்த ஒன்றாய் இருந்திருக்கிறது. பின்னர், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அம் முறையை விரிவாகவே கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்றது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிக்கொரு வாரியம் இருந்தது. 35 அகவைக்குக் குறைந்தவரும் 70 அகவைக்கு மேற்பட்டவரும் தகுதி பெறார். அண்மை மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது.

இவற்றினும் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது வேறொரு விதி. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர், தகுதி இழந்தவர். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர்ப்பணத்திற்குக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் அக் கல்வெட்டின் உயிர்.

ஆனால், பெருமையைச் சொல்லும் வாயால் குறையையும் சொல்லவேண்டும். உத்தரமேரூர், பிராமணர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். தகுதி பெறுதற்கு வரிசெலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். பெண்டிர்க்கு இடமில்லை. நிலமற்ற உழவர்க்கு இடமில்லை. அந்த ஏரியை வெட்டியவர்க்கும் அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்க்கும் குடத்தில் ஓலையில்லை. எனவே, குடவோலையை நாம் கொள்ள வேண்டியது அதன் கணக்குக் கேட்கும் முறைக்காக. தள்ள வேண்டியது அதன் வேலிக்காக. இன்றைய வட்டத் தேர்தலில் அந்த வேலி இல்லை. சட்டப்படி பெண்டிர்க்குச் சரிபாதி இடம். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ப இடம். பழைய முறையில் இல்லாத இந்த அகலம் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பழைய முறையில் இருந்த அந்தக் கணக்கு எங்கே? அதைத்தான் நாம் தேட வேண்டும்.

வரிக்காகப் பிறந்த மன்றம்

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு செத்தம்பர் 29-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் அதனினும் பழைமையான மாநகராட்சி இல்லை. ஒரு மேயர், பன்னிரண்டு மூத்த உறுப்பினர், அறுபது நகர்க் குடியினர் என்பது அதன் அமைப்பு. எதற்காகக் கிழக்கிந்தியக் கும்பனி இதனைத் தொடங்கிற்று? நம் மீது கொண்ட அன்பினாலன்று. கும்பனி விதிக்கும் வரியினும், தம்மவர் அமர்ந்த மன்றம் விதிக்கும் வரியை மக்கள் எளிதில் செலுத்துவர் என்னும் வணிகக் கணக்கினால்! வரி தண்டுதற்கு மன்றம், ஆள்வதற்குக் கோட்டை. இந்தப் பிறவிக் குறை இன்றும் முற்றிலும் நீங்கிற்றா என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆயினும் அதே மன்றம், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கைக்கு வந்தபோது என்ன செய்தது? 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்க முடிவெடுத்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மேற்படாத செலவு. ஏழைப் பிள்ளை பசியோடிருந்தால் பள்ளிக்கு வாராது என்பதைக் கோட்டையில் இருந்த வெள்ளையன் உணரவில்லை; தெருவை அறிந்த மன்றம் உணர்ந்தது. நாட்டிற்கே வழிகாட்டிய பள்ளி உணவுத் திட்டத்தின் முதல் வித்து, சட்டமன்றத்தில் இடப்பட்டதன்று. மாநகராட்சி மன்றத்தில் இடப்பட்டது. தந்தை பெரியார் ஈரோட்டு நகராட்சித் தலைவராய் இருந்து காவிரிக் குடிநீரை ஊர்மக்களுக்குக் கொண்டுவந்ததும் அக் காலத்திலேயே. பெரிய அரசியலுக்கு அவர் வந்தது, குடிநீர்க் குழாயின் வழியாக வந்ததே என்று சொன்னால் அது மிகையாகாது.

உறுப்பினர் இல்லாத ஆண்டுகள்

இத்தகைய மன்றம் 1973-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. பணியாளர் வருகைப் பதிவேட்டில் நடந்த முறைகேடு வெளிப்பட்டதைத் தொடர்ந்து அவ்வாறு செய்யப்பட்டது. முறைகேடு செய்தவர் ஒறுக்கப்படத்தான் வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால் அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-இல்! இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள். மன்றம் கலைந்த ஆண்டில் பிறந்த குழந்தை, படித்து, வளர்ந்து, பணிக்குச் சென்று, மணமும் முடித்திருக்கும். தன் வட்டத்தின் தேர்தலை ஒருமுறையேனும் கண்டிராது. சிலர் செய்த குற்றத்திற்கு நகரத்து மக்கள் அனைவர்க்கும் இருபத்து மூன்றாண்டுத் தண்டனை! இக் காலத்தில் இரு பெருங்கட்சிகளும் ஆட்சியில் இருந்தன. எனவே நான் ஒரு கட்சியைக் குறை கூறவில்லை. கோட்டையில் அமர்ந்த எவர்க்கும் வட்டம் நினைவுக்கு வரவில்லை என்பதையே கூறுகிறேன்.

பின்னர், அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டு வாழ்நாள். அது முடியுமுன் அடுத்த தேர்தல். தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் என்பன அதன் கட்டளைகள். அகமதாபாத்து மாநகராட்சி வழக்கொன்றில் உச்ச முறைமன்றம் 2006-ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பும் வழங்கிற்று. சட்டம் வந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது, இனிக் குறையிராது என்றே நாம் எண்ணினோம்.

நடந்தது என்ன? 2011-இல் அமைந்த மன்றத்தின் காலம் 2016 அத்தோபரில் முடிந்தது. அத் திங்களில் நடக்கவிருந்த தேர்தலை, அறிவிக்கை விதிப்படி அமையவில்லை என்று உயர்முறைமன்றம் நீக்கியது. குறையைத் திருத்திச் சில திங்களில் நடத்தியிருக்கலாம். வழக்கு, வட்டச் சீரமைப்பு, மேலும் வழக்கு என்று இழுத்து, 2022 பிப்பிரவரி 19-ஆம் நாள்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டும் நான்கு திங்களும் தனி அலுவலரின் ஆட்சி!

அந்த ஐந்தாண்டில் இந் நகரம் எவற்றைக் கண்டது என்பதை எண்ணிப் பாருங்கள். 2016 திசம்பரில் வர்தாப் புயல். வேரோடு சாய்ந்த மரங்கள் தெருத்தெருவாய்க் கிடந்தன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு இரவெல்லாம் விழித்திருந்தோம். 2020-இல் கொள்ளைநோய், தெருக்களைத் தகரத்தால் அடைத்தார்கள். 2021 நவம்பரில் வெள்ளம். புயல், வறட்சி, நோய், வெள்ளம் ஆகிய நான்கும் வந்தபோது சென்னையின் ஒரு வட்டத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. அலுவலர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பலர் உயிரைப் பொருட்படுத்தாது உழைத்தார்கள். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வண்டி வரவேண்டும், எந்த வீட்டில் நோயுற்ற முதியவர் தனித்திருக்கிறார், எந்த வடிகால் பத்தாண்டாய் அடைந்து கிடக்கிறது என்பதை அறிந்து, மன்றத்தில் எழுந்து நின்று, "என் வட்டத்திற்கு விடை சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமையுடைய ஒருவர் இல்லை. அலுவலர் தமக்கு மேலுள்ள அலுவலர்க்கு விடை சொல்ல வேண்டியவர். உறுப்பினரோ தமக்குக் கீழே என்று கருதப்படும் நமக்கு விடை சொல்ல வேண்டியவர். வேறுபாடு இதுதான்.

கேட்டுப் பெறுவதும் கொடுக்க மறுப்பதும்

மன்றம் இருந்தால் மட்டும் போதுமா? குடிநீர் வரவில்லை என்றால் நாம் உறுப்பினர் வீட்டு வாயிலில் நிற்கிறோம். ஆனால் சென்னையின் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடம் இல்லை. 1978-ஆம் ஆண்டில், மன்றம் கலைக்கப்பட்டிருந்த காலத்தில், தனி வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நகரமைப்போ வேறொரு குழுமத்திடம் உள்ளது. நடைமுறைப் பொறுப்பு முழுவதும் ஆணையரிடம். ஆணையரை அமர்த்துவது மாநில அரசு. மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் கோட்டையின் விருப்பமே. 1996, 2001, 2011-ஆம் ஆண்டுகளில் மக்கள் நேரே தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எது நல்ல முறை என்பது வேறு. ஆட்டத்தின் விதியை ஆடுபவர் அல்லாத ஒருவர் அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பது எவ்வகையில் தன்னாட்சி?

இன்னும் ஒன்று. 2022 மார்ச்சில் புதிய மன்றங்கள் பொறுப்பேற்றன. ஏப்பிரல் முதல் நாளே சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. அறிவித்தது மாமன்றமன்று, மாநில அரசு. மாநில அரசு சொன்ன விளக்கம், ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு விதித்த கட்டுப்பாட்டை நிறைவேற்ற வேண்டும் என்பது. தில்லி கட்டுப்பாடு விதிக்கிறது, கோட்டை அறிவிக்கிறது, மாமன்றம் தலையசைக்கிறது, தெரு வரி கட்டுகிறது. 1688-இல் கும்பனி போட்ட கணக்கு நினைவுக்கு வருகிறதல்லவா?

தோழர்களே, இங்கேதான் நம் நெஞ்சைத் தொட்டு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இருக்கிறது. தில்லியை நோக்கி நாம் சொல்வதென்ன? "எங்கள் வரிப்பணத்தை எடுத்துக்கொண்டு எங்களையே கையேந்த வைக்காதே, எங்கள் ஆட்சியில் உன் ஆளை அமர்த்தாதே, எங்கள் மன்றத்தைக் கலைக்காதே, எங்கள் தேவையை நாங்களே அறிவோம்" என்கிறோம். ஒவ்வொரு சொல்லும் அறமானது. ஆனால் இதே சொற்களை ஒரு நகராட்சி, கோட்டையை நோக்கிச் சொன்னால் என்ன விடை? மாநிலத்தின் மன்றத்தைத் தில்லி கலைத்தால் நமக்குக் குருதி கொதிக்கிறது. மாநகரின் மன்றம் இருபத்து மூன்றாண்டு இல்லாதிருந்தபோது நம்முள் எத்தனை பேர் ஒரு துண்டறிக்கையேனும் அச்சிட்டோம்? ஆளுநர் ஆட்சி என்றால் அடிமைத்தனம். தனி அலுவலர் ஆட்சி என்றால் நிருவாகமா?

மேலிருந்து பறிக்கப்படும் உரிமைக்கு மட்டும் குரல் கொடுத்து, கீழே பறிக்கப்படும் உரிமைக்குக் கண்மூடிக்கொண்டால், நாம் கேட்பது உரிமையன்று. உரிமையைப் பறிக்கும் இடத்தில் நாம் அமரவேண்டும் என்பதே. தன்னாட்சி என்பது தில்லியிலிருந்து புறப்பட்டுக் கோட்டையில் நின்றுவிடும் வண்டியன்று. அது தெருவரை வரவேண்டும். தெருவரை வாராத தன்னாட்சியை மக்கள் தம்முடையதென்று கொள்ளார். அதைக் காக்கவும் எழார்.

யாருடைய வட்டம்?

இனி வட்டத்திற்குள் வருவோம். 2011-இல் மாநகரம் 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 சதுரக் கிலோமீட்டராய் விரிந்தது. அப்போது பழைய நகரின் 155 வட்டங்கள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. புதிதாய்ச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வட்டங்கள் கிடைத்தன. பழைய நகரில் 46 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்கள்; சேர்ந்த பகுதிகளில் ஏறத்தாழ 20 இலக்கம். அஃதாவது, இங்கே நாற்பத்து மூவாயிரம் பேர்க்கு ஓர் உறுப்பினர். அங்கே இருபத்தோராயிரம் பேர்க்கு ஓர் உறுப்பினர். நெருக்கமாக வாழும் வடசென்னை உழைப்பாளியின் குரல் பாதியாயிற்று. 2018-இல் எல்லைகள் திருத்தப்பட்டன. ஆயினும் திருத்தத்திற்கு அடிப்படை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. எல்லைக்கோடு என்பது வெறுங்கோடன்று. எந்தக் குடிசைப்பகுதி எந்த வட்டத்தில் சேருகிறது, ஒரு தெருவின் இரு மருங்கும் இரு வட்டமாய்ப் பிரிகின்றனவா என்பவை, நம் வாக்கின் எடையை நாம் அறியாமலே கூட்டவும் குறைக்கவும் வல்லவை. வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது நாம் எங்கே இருந்தோம்?

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்டிர்க்குச் சரிபாதி இடம் கிடைத்தது. 2022-இல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்டிர்க்கு ஒதுக்கப்பெற்று, வடசென்னையைச் சேர்ந்த பிரியா அவர்கள் தம் 28-ஆம் அகவையில் அப் பொறுப்பிற்கு வந்தார். முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்ணொருவர் அங்கு அமர்ந்தது அதுவே முதன்முறை. மகிழத் தக்கது. ஆனால் எத்தனை வட்டங்களில், பெயர்ப்பலகையில் மனைவி பெயரும், நாற்காலியில் கணவர் உடலும் இருக்கின்றன! ஒப்பந்தக்காரரிடம் பேசுவதும் அலுவலரைக் கேட்பதும் கணவர். கையெழுத்து மட்டும் அம்மையார். இஃது இட ஒதுக்கீட்டின் குறையன்று. நம் குமுகாயத்தின் குறை. தேர்ந்தெடுத்த அம்மையாரைத் தவிர வேறெவரிடமும் எங்கள் வட்டத்துச் செய்தியைச் சொல்ல மாட்டோம் என்று நாம் உறுதி கொண்டால், மறுகிழமையே கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

நம் கடன்

அரசைக் குறை கூறினேன். ஆட்சியாளரைக் குறை கூறினேன். நம்மைக் கூறாமல் விட்டால் இவ் வுரை நேர்மையுடையதாகாது. பத்தாண்டு காத்திருந்து வந்த 2022 தேர்தலில், மாநிலம் முழுதும் நகரப் பகுதிகளில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர். சென்னையில் நாற்பத்து நால்வர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் இருந்துவிட்டோம். இருந்துவிட்டு, "காசு கொடுத்து வென்றுவிட்டான்" என்கிறோம். வாக்களிக்காதவர் விலகி நிற்கவில்லை. காசின் வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறார். முப்பதாயிரம் பேர் வாக்களிக்கும் வட்டத்தை விலைக்கு வாங்குதல் அரிது. பன்னீராயிரம் பேர் வாக்களிக்கும் வட்டத்தை வாங்குதல் எளிது.

அடுத்து, தேர்தலோடு நம் வேலை முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டில் வட்டக் குழுக்களுக்கும் பகுதி அவைகளுக்கும் விதிகள் வந்தன. சிற்றூர்க்கு ஊரவை இருப்பதுபோல நகரத்தார்க்குப் பகுதி அவை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் அவை கூட்டப்பட்டன. அதன் பேராளர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் மன்றத்தால் அமர்த்தப்படுவது பெருங்குறை. அதை மாற்றக் கேட்போம். ஆனால் குறையுள்ள அவையாயினும், வெறும் நாற்காலிகளை வைத்து அதை நடத்தவிடுவது நம் குற்றமே. பதினைந்து பேர் கூடிக் கையெழுத்திட்டுக் கலையும் அவையில் ஐந்நூறு பேர் சென்று அமர்ந்தால், அவ் அவை அன்றே வேறாகிவிடும்.

எனவே நான் நான்கு வேலைகளை உங்களிடம் வைக்கிறேன். ஒன்று, உங்கள் வட்டத்தின் எண், எல்லை, உறுப்பினர் ஆகியவற்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு, வட்டத்தில் நடைபெறும் ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு பணம், யார் ஒப்பந்தக்காரர், எந்நாளில் முடியவேண்டும் என்பதை எல்லார்க்கும் விளங்கும் எளிய நல்ல தமிழில் எழுதித் தெருமுனையில் வைக்கக் கேட்கவேண்டும். விளங்காத மொழியில் எழுதப்படும் கணக்கு, காட்டாத கணக்கே. மூன்று, ஆண்டுக்கொருமுறை உறுப்பினரைத் தெருவுக்கு அழைத்து, செய்தவற்றையும் செய்யாதவற்றையும் சொல்லக் கேட்கவேண்டும். மாற்றுக் கட்சியார் என்று ஒதுக்காமலும், நம் கட்சியார் என்று மழுப்பாமலும் கேட்கவேண்டும். நான்கு, 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு நிறைவுறுவது. எந்த மன்றத்தின் காலம் முடிந்தாலும், அடுத்த தேர்தல் ஒருநாள் தள்ளிப்போனால்கூட, சட்டமன்றம் கலைக்கப்பட்டால் எழுவதுபோல் நாம் எழவேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் எழவேண்டும்.

தோழர்களே, அந்த இட்டலிக் கடை அம்மையார் இன்றில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் மறைந்தார். தெரு அடைக்கப்பட்டிருந்தது; எங்கே சென்று கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் அலைந்தோம். கேட்பதற்கு உரிமையுடைய ஓர் உறுப்பினர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை யார் அறிவார்? ஆனால் கேட்பதற்கு ஒருவர் இல்லாத நிலையில் அவரை நாம் வைத்திருந்தோம் என்பதை நான் அறிவேன். 2022-ஆம் ஆண்டு பிப்பிரவரி 19-ஆம் நாள் காலை, எங்கள் வாக்குச்சாவடியில் வரிசையின் முதல் ஆளாக நான் நின்றிருந்தேன். கையில் இருக்கிற உரிமையை இனி விடமாட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்களும் விடாதீர்கள். வட்டம் சிறியதுதான். ஆனால் நாம் நிற்கும் இடம் அதுவே. நிற்கும் இடத்தை இழந்தவன் எந்தக் கோட்டையையும் பிடிக்க மாட்டான்.